மோர்ப்பானையும் ஊஞ்சல் பலகையும்

“என் மனைவி என் மேல் எறிந்த பானைகள் மூவாயிரத்து முந்நூறு, அரசே. உடைந்தது முதல் பானை மட்டும்தான். மற்ற அத்தனையையும் பிடித்துவிட்டேன்!”

முன்னொரு காலத்தில், நெல் விளைந்து விளைந்து கொட்ட இடமில்லாமல் யானைக் கொட்டிலிலும் குவித்து வைத்திருந்த ஒரு நாட்டில், விகடகவி குழைக்காதன் அரசவையில் இப்படிச் சொன்னான். ஆளுக்கொரு பெருமை சொல்லவேண்டும், அதில் பொய் கூடாது என்பது அன்றைக்கு அரசருக்கு வந்த ஆசை. அவை குலுங்கிச் சிரித்தது. சிரிக்காதவர் சேனாதிபதி மல்லையர் ஒருவர்தான். குழைக்காதன் வாயைத் திறந்தாலே அவருக்கு வயிறு எரியும்.

“பச்சைப் பொய், அரசே! நாளை அந்த அம்மையாரே இங்கு வந்து எறியட்டும். இவன் நின்ற இடத்தைவிட்டுக் கால் நகரக் கூடாது, கை மடங்கக் கூடாது. பானை உடைந்தால் இவன் நாட்டை விட்டே போகவேண்டும்.”

அரசர் உற்சாகத்தில் தலையாட்டிவிட்டார்.

குழைக்காதன் வீடு போய்ச் சேருமுன்பே மல்லையரின் ஆள் வந்து வத்தி வைத்துவிட்டுப் போயிருந்தான். மனைவி வடிவு அடுப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

“நான் புருசன் மேல பானை எறியறவளா? சபையே சிரிச்சுதாமே?”

“என்னைப் பார்த்துத்தான் சிரிச்சாங்க, வடிவு.”

“எங்கப்பா செஞ்ச பானையை வண்டியிலேருந்து இறக்கறப்போ உங்களுக்கும் ஒண்ணு எறிஞ்சேன். விறைச்சுக்கிட்டு நின்னு உடைச்சீங்க. ‘பானையை நிறுத்தாதீங்க, அதோட கூடப் போங்க’ன்னு பழக்கினது யாரு? அதைச் சொன்னீங்களா?”

ஊரையே சிரிக்க வைப்பவன் தலையைச் சொறிந்தான்.

“சரி, நாளைக்கு எறியறப்போ பார்த்துக்கறேன்” என்றாள் வடிவு.

மறுநாள் அரண்மனை முற்றத்தில் ஊரே கூடிவிட்டது. குழைக்காதன் கைகூப்பினான். “அசையாமல் பிடிப்பது எப்படியென்று முதலில் சேனாதிபதியார் காட்டியருள வேண்டும்.”

மல்லையர் மலைபோல் நின்று கைகளை நீட்டினார். வடிவு மோர்ப்பானையை எறிந்தாள். டமார்! ஓடு எட்டுத் திசையிலும் பறந்தது. மோர் மீசையில் வழிந்தது.

குழைக்காதனோ அரசியாரின் ஊஞ்சலைக் கேட்டு வாங்கி தாழ்வார உத்தரத்தில் மாட்டி, வடிவைப் பார்த்தபடி பலகைமேல் ஏறி நின்று ஆடத் தொடங்கினான்.

“இது மோசடி!” என்று மல்லையர் கத்தினார்.

“நான் நின்ற இடம் இந்தப் பலகை. கால் நகராது, கை மடங்காது. பலகை நகரக் கூடாதென்று தாங்கள் சொல்லவில்லையே!”

இனி எல்லாம் வடிவின் கையில். ஊஞ்சல் முன்னால் வரும்போது எறிந்தால் பானையும் போயிற்று, அவன் நாடும் போயிற்று. ஊஞ்சல் மூன்று முறை போய் வந்தது. அவள் இடுப்பில் இன்னொரு மோர்ப்பானையோடு எறியாமல் நின்றாள்.

ஆடிக்கொண்டே குழைக்காதன் கத்தினான். “அரசே! நேற்று பாதியை விழுங்கிவிட்டேன். அவள் கோபத்தில் எறியவில்லை. எல்லாம் என் மாமனார் வண்டியிலிருந்து இறக்கிய பானைகள். எனக்குப் பிடிக்கக் கற்றுக் கொடுத்ததே இவள்தான்!”

வடிவின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. ஊஞ்சல் பின்னால் போகத் தொடங்கியதும் எறிந்தாள். பானை வந்த வேகத்திலேயே பலகையும் போனது. தூங்கும் பிள்ளை தோள் மாறுவதுபோல் பானை அவன் கைகளில் வந்து படுத்தது. இரண்டும் சேர்ந்தே உயர்ந்து, மெல்ல மெல்ல அடங்கி நின்றன. மோரில் மிதந்த கறிவேப்பிலைகூடப் புரண்டு படுக்கவில்லை!

“இதென்ன மாயம், அம்மா?” என்றார் அரசர்.

“மாயமில்லீங்க மகாராசா. வெடுக்குனு நிறுத்தினா மொத்த அடியும் ஒரே நேரத்துல விழும். நிறுத்தற நேரத்தை நீட்டினா அதே அடி கொஞ்சங்கொஞ்சமாக் கரைஞ்சுபோயிரும்.” பிறகு கணவனைப் பார்த்தாள். “கோபமும் அப்படித்தாங்க.”

அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த ஊஞ்சலை வடிவுக்கும், அதை மாட்ட ஒரு புது வீட்டைக் குழைக்காதனுக்கும் கொடுத்தார். பிறகு, “சேனாதிபதியாரே, இப்போது என்ன சொல்கிறீர்?” என்று திரும்பினார்.

மல்லையர் மீசையில் இருந்த மோரைத் துடைத்துக்கொண்டார்.

“மூவாயிரத்து முந்நூறும் நடந்திருக்கும், அரசே. அடுத்த ஒன்றை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேனே!”