சுவருக்கு வடக்கே சலேத்

முழுவதும் கேட்டுவிட்டு விடை சொல்லுங்கள். பாதிக் கதையில் தீர்ப்பு எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

பனையூரணியில் கோயில் ஒன்று, பூசை ஒன்று, சாமியார் ஒருவர். கல்லறைத் தோட்டத்துக்கு மட்டும் நடுவில் இடுப்பளவு சுவர் உண்டு. மேலத்தெருக்காரர்களை வடக்கே புதைப்பார்கள், கீழத்தெருக்காரர்களைத் தெற்கே. கடவுள் மண்ணைப் பிசைந்து தம் சாயலில் மனிதனைச் செய்தார் என்று சாமியார் பிரசங்கம் வைக்கும்போது இரண்டு தெருவும் தலையாட்டும். ஆட்டிவிட்டு அவரவர் பக்கம் போய்விடும்.

கீழத்தெரு செங்கோல்மேரிக்கு ஒரே மகள் சலேத். மேலத்தெரு சவரியப்பருக்கும் தெரசம்மாளுக்கும் ஒரே மகள் பெர்னத். இரண்டு பெண்களும் ஒரே பட்டாசு ஆலையில், ஒரே அறையில் வேலை பார்த்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை அந்த அறை வெடித்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு உடல்களுக்கும் முகம் என்று எதுவும் மிஞ்சவில்லை. கணுக்காலுக்குக் கீழே மட்டும் தீ தொடவில்லை. சோதனை என்று போனால் நாளாகும், அடையாளம் காட்டினால் இன்றே கொண்டுபோகலாம் என்றார்கள். சவரியப்பர் முந்திக்கொண்டார். ஒரு ஜோடிப் பாதம் கருமருந்து அப்பிக் கன்னங்கரேலென்று இருந்தது. மற்றது வெளுப்பாக, சுத்தமாக இருந்தது. அவர் வெளுத்த பாதத்தைக் காட்டினார்.

"இதுதான் எம்புள்ள. எங்க வீட்டு நெறம் எங்க கெடந்தாலும் தெரியும்."

தெரசம்மாள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கரி படிந்த குதிகாலில் இருந்த பழைய தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செங்கோல்மேரி வெளுத்த பாதத்தைப் பார்த்தாள். இடது சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிக் கிடந்தது. அவளுக்கும் அப்படித்தான். பிள்ளை பிறந்த அன்றே, உன்னை அப்படியே உரித்துவைத்திருக்கிறது என்று அந்த விரலைத்தான் எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். வாய் திறப்பதற்குள் சவரியப்பரின் ஆட்கள் துணி சுற்றித் தூக்கிவிட்டார்கள். கூட்டத்தின் முன்னால் அவரைப் பொய்யராக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. மிஞ்சிய உடலையும் விட்டுவிட்டால் அது அநாதைப் பிணமாகிவிடும். ஆகவே அதைக் கொண்டுவந்து, பாதத்தின் கரியைக் கழுவி, சலேத் என்று பெயர் எழுதித் தெற்கே புதைத்தாள்.

மறுவாரம் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாம் சொன்னாள். அங்கே கேட்டதை அவர் வெளியே சொல்லக் கூடாது. நீயே சொல், நான் கூட நிற்கிறேன் என்றார்.

"சொன்னா தோண்டி எடுத்து இந்தப் பக்கம் வீசிருவாங்க, சாமி. எம்புள்ள இன்னொரு தரம் சாகணுமா?"

அதன்பிறகு சாமியார் மண்ணைப் பிசைந்த பிரசங்கம் வைக்கவே இல்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. செங்கோல்மேரி தெற்கே, தன் பிள்ளையல்லாத பிள்ளைக்குப் பூ வைத்துவிட்டு வடக்கே பார்த்து நின்றாள். தெரசம்மாள் சுவரோரம் வந்து ஒரு கட்டு மெழுகுவர்த்தியை இந்தப் பக்கம் நீட்டினாள்.

"அங்க ஏத்து, மேரி. இங்க நான் ஏத்திட்டேன்."

கதை நல்லபடியாக முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். மனைவி சுவரோரம் நின்றது சவரியப்பர் கண்ணில் பட்டுவிட்டது. என்ன பேசினாள் என்று கூட அவர் கேட்கவில்லை. அடுத்த திருநாளுக்குள் சுவர் ஆளுயரம் எழும்பியது. செங்கோல்மேரிக்கு இப்போது வடக்கே சிலுவையின் நுனிகூடத் தெரியாது. சாமியாருக்கும் மாற்றலாகிவிட்டது.

இப்போது சொல்லுங்கள். செங்கோல்மேரி, தெரசம்மாள், சாமியார் என்று மூவரும் உண்மை தெரிந்தும் வாய் திறக்கவில்லை. இந்த மூவரில் யாருடைய மௌனம் சரி?

என் விடை இது. சாமியாருடையது வாக்குக்குக் கட்டுப்பட்ட மௌனம், குறை சொல்ல முடியாது. தெரசம்மாளுடையது புருஷனுக்குப் பயந்த மௌனம், பாவம் அவள். செங்கோல்மேரியுடையதுதான் சரி, ஏனென்றால் அவள் ஒருத்திதான் இரண்டு பிள்ளைகளையும் மனுஷியாகப் பார்த்து வாய் மூடினாள். அந்தச் சரியால், மகள் குழியில் ஒரு பிடி மண் போடக்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை. அன்றைக்குத் தயங்காமல் வாய் திறந்தவர் சவரியப்பர் ஒருவர்தான். ஞாயிறு தவறாமல் அவர் வடக்கே போய், கீழத்தெருப் பெண்ணின் காலடியில் முழங்காலிட்டு அழுகிறார். தன் மகள் கிடக்கும் பக்கம் பார்வை போகாதபடி சுவரை உயர்த்தியவரும் அவரே.