நீலக் காது, மஞ்சள் காது

குருவிச்சான்குளத்துக்காரர்களுக்குப் புத்தி குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிற புத்தி தேய்ந்துவிடக் கூடாதே என்று அதை எடுத்துப் புழங்காமல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆவுடையப்பனுடையது பிறந்தபோது இருந்தபடி அப்படியே புதிதாக இருந்தது.

அவர் அந்த ஊர் கேபிள் ஆபீசுக்கு மேனேஜர். வயது முப்பத்தைந்து தாண்டியும் கல்யாணம் கூடிவராமல் இருந்தவருக்கு, வடிவு என்கிற பெண் அமைந்தாள். அவருக்கும் பிடித்தது, அவளுக்கும் பிடித்தது. ஆனால் தோஹாவில் வேலை பார்க்கும் அவளுடைய அப்பா பூல்பாண்டி போனில் ஒரு நிபந்தனை போட்டார்.

"போன வருசம் உங்க லைன்ல அம்மன் கோயில் கொடைத் திருவிழா பாத்தேன். கரகாட்டக்காரி ஒரு காலைத் தூக்கினா. அந்தக் காலு விடிய விடிய எறங்கவே இல்ல. இந்த வருசம் மத்தியானக் கொடைய நான் படம் நிக்காம பாக்கணும். படம் நின்னா சம்பந்தப் பேச்சும் நின்னுரும்."

ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. கேபிள் முதலாளி ஜெபமணியைப் போனில் பிடித்து அழாத குறையாகச் சொன்னார். ஜெபமணி அப்போது கண் ஆபரேஷன் முடிந்து மதுரையில் மகள் வீட்டில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். அவர் நல்ல மனிதர். டவுன் ஆபீசுக்கும் ஊர் ஆபீசுக்கும் நடுவே பெரிய வேகத்தில் ஓடுகிற புது பைபர் லைன் போட்டுவிடலாம் என்று சொல்லி, ஒரு பெட்டி நிறைய மாட்யூல் வாங்கி அனுப்பினார்.

மாட்யூல் என்பது விரல் நீளத்துக்கு ஒரு தகரத் துண்டு. நெட் பெட்டியின் பொந்தில் சொருகினால், வருகிற சேதியை ஒளியாக மாற்றிக் கண்ணாடி நார் வழியே அனுப்பும். மறுமுனையில் இருக்கிற மாட்யூல் அந்த ஒளியை வாங்கித் திரும்பவும் சேதியாக்கும். வந்த பெட்டியில் முந்நூறு மீட்டர் போவது, பத்து கிலோமீட்டர் போவது, நாற்பது போவது, எண்பது போவது என்று பல வகை இருந்தன.

"ஒண்ணோட ஒண்ணை ஒப்பிட்டுப் பாத்து, நம்ம தூரத்துக்கு ஏத்ததா எடுங்க" என்றார் முதலாளி.

எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாக அடுக்கி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லாம் ஒரே நீளமாக இருந்தன. அதனால் இசக்கியை வரவழைத்தார்கள். இசக்கி ஒருமுறை கரண்ட் அடித்துப் பிழைத்தவர்; அன்றிலிருந்து ஊரில் மின்சார சம்பந்தமான எல்லாவற்றுக்கும் அவர் சொல்தான் முடிவு. டவுன் ஆபீசைப் பார்த்துக்கொள்ளும் ராஜகனியும் வந்து உட்கார்ந்தார். அவரும் இந்த ஊரில் பிறந்தவர்தான், டவுனுக்குப் போயும் கெட்டுப்போகவில்லை.

"டவுன்லேருந்து நம்ம ஊரு பன்னெண்டு கிலோமீட்டர்" என்று ஆரம்பித்தார் இசக்கி. "பத்துக்காரன் ஆக மாட்டான். ரெண்டு கிலோமீட்டர் முன்னாலேயே எறங்கிருவான்."

"அங்க என்ன இருக்கு?"

"சுடுகாடு."

"அப்ப வேண்டாம். எண்பது?"

"நம்ம ஊரையும் தாண்டிப் போய்க் கடல்ல விழும். மீனெல்லாம் உக்காந்து பாக்கும்."

ராஜகனிக்கு ஒரு சந்தேகம். "மீன்கிட்ட மாசச் சந்தா எப்படி வாங்குறது?"

அது யாருக்கும் தெரியவில்லை. ஆகவே நாற்பதுதான் என்று முடிவாயிற்று. அதிலும் கொஞ்சம் மிச்சப்படும் என்பதால், ஊர் எல்லையில் மிச்ச ஒளியைப் பிடிக்க இசக்கி ஒரு தூக்குவாளியோடு போய் நின்றார். சாயங்காலம் காலி வாளியோடு திரும்பி வந்தார்.

"ஒரு சொட்டு வரல. கணக்கா நம்ம ஊருக்குள்ளயே எறங்குது."

லைனை இன்னும் மாட்டவே இல்லை என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மாட்டுவதற்கு முன்னால் முதலாளி போனில் எச்சரித்தார். "அந்த ஒளிய மட்டும் கண்ணால பாத்துராதீங்க. கண்ணு போயிரும்."

ஆகவே துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார்கள். இசக்கி தடவித் தடவிப் பொந்தைக் கண்டுபிடித்து மாட்யூலை உள்ளே சொருகினார். ரொம்ப நேரம் காத்திருந்தார்கள். நெஞ்சுப் பக்கம் லேசாகச் சூடு தெரிகிறது என்றார் ஆவுடையப்பன். கட்டை அவிழ்த்துப் பார்த்தால், மாட்யூல் அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

பிறகு சரியான பொந்தில் மாட்டினார்கள். லைன் வரவில்லை. "ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கணுமேப்பா" என்றார் முதலாளி. இரண்டு முனையிலும் ஒரே நாற்காலி போட்டார்கள். ஒரே காலண்டர் மாட்டினார்கள். ஆவுடையப்பனும் ராஜகனியும் ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டார்கள். இவர் டீ குடித்தால் அவருக்குப் போன் போட்டுச் சொல்வார், அவரும் குடிப்பார். அப்படியும் வரவில்லை. கொடைக்கோ கால் நாட்டியாகிவிட்டது. வடிவு போனில், "அப்பா லீவு நாளாப் பாத்து டிவி வாங்கி வச்சிட்டாக, என்ன செய்யப் போறீயளோ" என்று அழுதாள். ஆவுடையப்பனும் அழுதார்.

"பைபர்ல எத்தனை நார் நல்லா இருக்கு?" என்று கடைசியில் கேட்டார் முதலாளி.

"ஒண்ணுதான் முதலாளி. மத்ததை எலி கடிச்சிருச்சு."

"அட பாவிகளா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? நீங்க மாட்டியிருக்கது ரெண்டு நார் மாட்யூல். போக ஒரு நார், வர ஒரு நார் வேணும். பெட்டிக்கு அடியில பாருங்க, ஒத்தை நார் மாட்யூல் ஜோடியா இருக்கும். பிடிச்சு இழுக்கிறதுக்கு ஒண்ணுக்கு நீலக் காது, ஒண்ணுக்கு மஞ்சக் காது. அங்க நீலம்னா இங்க மஞ்சள். அது அனுப்புற நிறத்தை இது வாங்கும், இது அனுப்புறதை அது வாங்கும். ரெண்டு முனையும் எதிரும் புதிருமா இருக்கணும். ஒண்ணாப் போச்சுன்னா லைன் செத்துரும்."

மாட்டினார்கள். லைன் உயிர் பெற்றது. ஆவுடையப்பன் ஆனந்தத்தில் எழுந்து நின்றார். உடனே இசக்கி அவர் கையைப் பிடித்தார்.

"ராஜகனி அங்க என்ன செய்றாம்னு கேளு."

கேட்டார்கள். அவரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார். "லைனைக் கொன்னுராதீங்க, ஒருத்தர் உக்காருங்க" என்றார் இசக்கி. ராஜகனி உட்கார்ந்தார்.

கொடை அன்றும் அப்படித்தான். இங்கே மேளம் முழங்க, அங்கே ராஜகனி மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு மூச்சு விடாமல் இருந்தார். இங்கே ஊரே பொங்கச்சோறு சாப்பிட, அங்கே அவர் பட்டினி. சாமியாட்டம் முழுக்க முழுக்க நிற்காமல் தோஹாவுக்குப் போய்ச் சேர்ந்தது. முடிந்ததும் பூல்பாண்டி போனில் வந்தார்.

"நல்லா தெரிஞ்சுது மாப்ளே" என்றார்.

மாப்ளே என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஆவுடையப்பன் உடனே டவுனுக்குப் போன் போட்டார். ராஜகனியைக் கூப்பிட்டு, "எனக்கு அழுகையா வருதுப்பா" என்றார்.

"சரி, நான் சிரிக்கேன்" என்றார் ராஜகனி. பசியோடு தனியாக உட்கார்ந்து அவர் சிரித்ததைக் கேட்டு, பக்கத்துக் கடைக்காரர் வந்து தலையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார்.

கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். பூல்பாண்டிக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் லைனில்தான் பார்த்தாக வேண்டும். பந்தக்கால் நடுகிற அன்று இசக்கி முகம் வாடிப்போய் வந்தார்.

"நாம ஒரு விசயத்தை யோசிக்கல. ஆவுடையப்பன் தாலி கட்டின நிமிசமே இந்த முனையும் அந்த முனையும் ஒண்ணாயிருமே. ராஜகனிக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருச்சுல்லா?"

ஆவுடையப்பன் மாலையைக் கழற்றி வைத்தார். "எனக்கு வேண்டாம். ஊருக்கே லைன் போயிரும்" என்றார்.

ராஜகனிதான் ஒரு வழி சொன்னார். அவர் பெண்டாட்டி பொன்னுத்தாய் அதைக் கேட்டு, "வடிவு நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி, துணிமணிகளை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். இந்த முனையில் ஜோடி சேர்ந்தபோது அந்த முனையில் ராஜகனி ஒற்றையாக இருந்தார். தாலி ஏறியது துளி நிற்காமல் தோஹாவில் தெரிந்தது.

ஆவுடையப்பன் நன்றி மறக்கிற ஆள் இல்லை. பொன்னுத்தாய் திரும்பிவர வழி உண்டா என்று கேட்டார். ஆவுடையப்பனும் வடிவும் சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் அன்றைக்குப் பொன்னுத்தாய் ராஜகனி வீட்டுக்கு வரலாம் என்று இசக்கி கணக்குச் சொன்னார். ஆனால் புருசன் பெண்டாட்டிக்குள் சண்டை வருகிற வழியாகவே தெரியவில்லை. பொன்னுத்தாயின் அம்மா கோயிலில் விளக்குப் போட்டுப் பார்த்தாள், அப்படியும் வரவில்லை. கடைசியில் வடிவுதான் மனமிரங்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டையை முடிந்துகொண்டு, வீசி எறிவதற்குக் கையில் ஒரு பழைய தட்டோடு வாசலில் வந்து நிற்பாள்.

"பொன்னுத்தாய் மதினி வர்றதுக்கு ராஜகனி அண்ணன் கறி எடுத்தாச்சான்னு கேளுங்க" என்பாள் புருசனிடம். "எடுத்தாச்சுன்னா நாம ஆரம்பிச்சிருவோம்."