அடியில்லாத மூன்று பானைகள்

உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கிய காலத்துக் கதை இது. கேளுங்கள்.

ஓர் ஆற்றங்கரையில் குவிரன் என்று ஒரு குயவர் இருந்தார். கோடையில் அந்த ஆறு வெறும் மணல். ஊற்று தோண்டித்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். தோண்டத் தோண்ட மணல் சரிந்து குழியை மூடும்.

குவிரனுக்கு வெண்ணி என்று ஒரு மகள். உப்பு வண்டி ஓட்டி வந்த ஆதன் அவளைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். அதன்பின் அந்த ஊரில் உப்பு தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டது.

பானை வனையத் தெரியாதவனுக்குப் பெண் கிடையாது என்றார் குவிரன். கற்றுக்கொள்கிறேன் என்றான் ஆதன்.

"மூன்று பானை செய். ஒன்றிலாவது காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் நின்றால் பெண்ணைத் தருகிறேன். நிற்காவிட்டால் வண்டியைப் பூட்டு."

ஆதன் ஆள் பெரியவன். அவன் கை வைத்ததும் பானை ஆள் நுழையும் அகலத்துக்கு எழுந்தது. ஆனால் சக்கரத்திலிருந்து அறுத்தெடுக்கும் பானைக்கு அடி இருக்காது. பாதி உலர்ந்ததும் உள்ளே கல்லைப் பிடித்து, வெளியே பலகையால் மெல்லத் தட்டித் தட்டித்தான் அடியை மூட வேண்டும்.

முதல் பானையை ஈரத்திலேயே தட்டினான். அடி பிய்ந்து போயிற்று. இரண்டாவது உலரட்டும் என்று காத்திருந்தவன் தூங்கிவிட்டான். எழுந்து தட்டினான், அடி நொறுங்கிப் போயிற்று. மூன்றாவது நல்ல பதத்தில் இருந்தது. அந்த நேரம் பார்த்து வெண்ணி அந்தப் பக்கம் போனாள். அவன் கண் அவள் பின்னே போயிற்று, பலகை பானைக்குள்ளே போயிற்று.

குவிரன் கோபப்படவில்லை. மூன்றையும் சூளையில் சுட்டு, ஊரார் பார்க்க வாசலில் வரிசையாக வைத்தார். மாப்பிள்ளை கொண்டுவந்த சீர் இது, மேலே ஊற்றினால் கீழே குடிக்கலாம் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார்.

மறுநாள் காலை ஆதன் வண்டியைப் பூட்டப் போனான். காற்று மணலை வாரி இறைத்தது. குவிரனின் நாய் ஒரு பானைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே பானையின் பாதி உயரத்துக்கு மணல் ஏறியிருந்தது. நாயின் மேல் மணலே இல்லை.

ஆதன் கயிறும் கையுமாக அதையே பார்த்து நின்றான். பிறகு நாயை எழுப்பிவிட்டு, மூன்று பானைகளையும் வண்டியில் ஏற்றி ஆற்றுக்கு ஓட்டினான்.

அங்கே ஊற்றுக்குழியில் குவிரன் இடுப்பளவு மணலில் சிக்கி, யாராவது பார்த்துவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆதன் ஒரு பானையை அவர் தலை வழியாக மாட்டி இறக்கினான். சரிந்த மணல் பானைக்கு வெளியே நின்றது. குவிரன் உள்ளிருந்த மணலை வசவோடு சேர்த்து வாரி வெளியே எறிந்தார். எறிய எறியப் பானை கீழே இறங்கியது. அதன்மேல் இரண்டாவதை வைத்தான். அதன்மேல் மூன்றாவதை வைத்தான். குவிரனின் முழங்கால் வரை தண்ணீர் ஊறியது.

"தண்ணீர் நிற்கிறது, மாமா," என்றான் ஆதன்.

"அடி எங்கே?" என்றார் குவிரன், உள்ளே நின்றபடியே.

குடத்தோடு வந்த வெண்ணி எட்டிப் பார்த்தாள்.

"நீங்கள் எதன்மேல் நிற்கிறீர்களோ, அதுதான் அப்பா."

குவிரன் காலால் அழுத்திப் பார்த்தார். உறுதியாகத்தான் இருந்தது. மேலே ஏறி, மாலை வரை கரையில் உட்கார்ந்து காவல் காத்தார். ஊரார் குடம் குடமாக அள்ளியும் தண்ணீர் நின்றது.

திருமணம் நடந்தது. ஆதன் கடைசிவரை அடி மூடக் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ள யாரும் விடவுமில்லை. சுற்றியிருந்த ஊர்களெல்லாம் அடியில்லாத பானைதான் வேண்டும் என்று வந்து நின்றன.

தன் கைத்தவறைத் தூக்கி எறியாமல் கண் திறந்து பார்ப்பவனுக்கு, அந்தத் தவறே புது வழியைக் காட்டும்.