பாதியை வெளியே எடுக்கவும்

உப்புக்கரட்டுக்காரர்களுக்கு அறிவு இல்லை என்று சொன்னால் பாவம். இருந்ததைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அந்த ஊரில் தங்கமாயன் ஒரு பாட்டுக்குழு நடத்தினான். அவன் கீபோர்டு, இருளாண்டி தாளம், பாண்டீஸ்வரி பாட்டு.

கீபோர்டு பிறக்கும்போதே கொண்டுவந்த ஓசைகள் கொஞ்சம்தான். அதன்பிறகு தங்கமாயன் லேப்டாப்பில் சேர்த்துக்கொண்ட கூடுதல் டோன்கள் மலைபோல் கிடந்தன. நாதஸ்வரம், உருமி, கோயில் மணி, குயில், எருமை. எருமை எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. இலவசமாகக் கிடைத்தது, வைத்துக்கொண்டான். 'மேளம் புதுசு', 'மேளம் கடைசி', 'மேளம் கடைசிக்கும் கடைசி', 'இது இல்ல' என்றெல்லாம் பெயர் போட்டுக் குவித்திருந்தான்.

இந்த நேரத்தில்தான் அவன் தங்கை செல்லவேணிக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஜாதகம் பொருந்தி வந்த ஒரே மாப்பிள்ளை பால்பாண்டி. இவரை விட்டால் வேறு ஆள் இல்லை, என்னைத் தேடியும் வராதீர்கள் என்று தரகர் கும்பிடு போட்டிருந்தார். மேளக்காரர்கள் எதற்கு, கெட்டிமேளத்தை நானே கீபோர்டில் வாசிக்கிறேன் என்று தங்கமாயன் அப்பாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டான். கொடுத்த பிறகு, அந்தக் குவியலில் மேளம் எங்கே கிடக்கிறது என்ற கவலை வந்தது. டோன்களை ஒழுங்குபடுத்தித் தரும் மென்பொருள் ஒன்று, சோதித்துப் பார்க்க இலவசம் என்றது. இறக்கினான்.

திறந்ததுமே ஒரு வரி: 'வேலை முடியும்வரை எதையும் தொட வேண்டாம்.'

மூவரும் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சம்பந்தி வீட்டிலிருந்து போன் வந்து கத்திக் கத்தி ஓய்ந்தது. டீயைச் செல்லவேணி வந்து ஒவ்வொரு வாயிலாக ஊற்றிவிட்டுப் போனாள்.

"கொசு என்னைத் தொடுதேண்ணே, அது கணக்குல வருமா?" என்று இருளாண்டி கேட்டான்.

"அது இன்னும் படிச்சுப் பாத்திருக்காது, விடு" என்றாள் பாண்டீஸ்வரி.

அடுத்த வரி: 'ஒவ்வொன்றுக்கும் நல்ல பெயராக வைக்கவும்.' பெயர் வைப்பது விளையாட்டுக் காரியமா? சர்க்கரைத் தண்ணீர் கரைத்தார்கள். மூன்று வீட்டிலும் செத்துப்போன பெரியவர்களை நினைவுபடுத்தினார்கள். லேப்டாப்பின் காது எது என்று கொஞ்சநேரம் தேடி, ஸ்பீக்கர் ஓட்டைதான் என்று முடிவு செய்து, அதில் ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை சொன்னார்கள். கெட்டிமேளம் காத்தாயி ஆனது. எருமைக்கு, நல்ல கனத்த குரல் என்பதால், தங்கமாயனின் தாத்தா வீரணன் பெயர் அமைந்தது. 'அனைத்தும் ஒழுங்காக உள்ளன' என்று மென்பொருளும் ஆசீர்வதித்தது.

முகூர்த்தம் வந்தது. "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் எழுந்ததும் தங்கமாயன் திரையைப் பார்த்தான். அவன் வம்சமே வரிசையில் நின்றது. மேளத்துக்கு யார் பெயர் என்று மட்டும் மறந்துவிட்டது. நல்ல காரியத்தைத் தாத்தாவை வைத்தே தொடங்குவோம் என்று வீரணனை அழுத்தினான்.

மண்டபம் அதிர எருமை கத்தியது. விரலை எடுத்த பிறகும் நிற்கவில்லை. பால்பாண்டி தாலியைப் பிடித்தபடி உறைந்துபோனார்.

"எமன் வண்டி வர்ற சத்தத்துல எம்மகன் தாலி கட்டமாட்டான். நல்லநேரம் முடியறதுக்குள்ள நிறுத்துங்க, இல்லன்னா நாங்க கெளம்புறோம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

தங்கமாயன் மென்பொருளின் உதவிப் பக்கத்தைத் திறந்தான். 'கோளாறு எதில் என்று தெரியாவிட்டால் பாதியை வெளியே எடுக்கவும். கோளாறு தொடர்ந்தால் மீதியில் பாதியை எடுக்கவும். எப்போது நிற்கிறதோ, கடைசியாக வெளியே போனதில்தான் குற்றம்.'

"எதுல பாதின்னு போடலையே" என்றான் இருளாண்டி.

"இங்க இருக்கிறதுல பாதிதான். அடுத்த மண்டபத்துல போயா எடுப்ப?" என்றான் தங்கமாயன்.

"அப்ப நாம?"

"நாம சோதிக்கிறவங்கடா. சோதிக்கிறவன்கிட்ட என்னைக்குக் குத்தம் இருந்திருக்கு?"

பாண்டீஸ்வரி மைக்கில் மிக மரியாதையாக அறிவித்தாள். யார் வீட்டுப் பாதி முதலில் போவது என்று இரு தரப்பும் சண்டைக்கு வந்ததால், இடப்பக்க நாற்காலிகள் எல்லாம் வெளியே என்று தீர்ந்தது. எருமை நிற்கவில்லை. மீதியில் பாதி போனது. அதற்கடுத்த பாதியில் மாப்பிள்ளையின் அப்பாவும் போனார், பங்கீடு நியாயமாக நடக்கிறது என்று பாராட்டிக்கொண்டே. ஐயர், தான் வேறு ஓமகுண்டம் வேறா, அல்லது இரண்டும் சேர்ந்து ஒன்றா என்று விளக்கம் கேட்டுவிட்டு, குண்டத்தை விட்டுவிட்டுத் தனியாகப் போனார். கடைசியில் மேடையில் இருவர்தான் மிச்சம். எருமை முழுமூச்சில் கத்திக்கொண்டிருந்தது.

தங்கமாயன் தங்கையைப் பார்த்தான். தன் வீட்டுப் பெண்ணை எப்படிச் சந்தேகப்படுவது? "மாப்ள, கோவிச்சுக்காதீங்க" என்றான்.

பால்பாண்டி தாலியோடு இறங்கி நடந்தார். போகிற வழியில் அவர் கால் ஒரு வயரில் சிக்கியது. பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்த லேப்டாப் அணைந்தது. எருமை சட்டென்று நின்றது. தங்கமாயன் கீபோர்டில் கை வைத்தான். அது பிறக்கும்போதே கொண்டுவந்த மேளம் கணீரென்று கொட்டியது.

மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். குற்றம் மாப்பிள்ளையிடம்தான். வேறு மாப்பிள்ளையும் கிடையாது. ஆகவே அவரை வெளியே வைத்துக்கொண்டே காரியத்தை முடிப்பதென்று தீர்மானமானது. செல்லவேணி ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பால்பாண்டி கம்பிக்குள் கைகளை விட்டு மூன்று முடிச்சும் போட்டார். வெளியே நின்ற கூட்டம் போட்ட அட்சதையெல்லாம் அவர் தலையிலேயே விழுந்தது.

"மச்சான், சாப்பிடவாவது உள்ள வரலாமா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார் பால்பாண்டி.

தங்கமாயன் உதவிப் பக்கத்தை நினைத்துப் பார்த்தான். "பாதியா வாங்க மாப்ள. எந்தப் பாதியில கோளாறுன்னு பாத்துக்குவோம்."

பால்பாண்டி வலது காலை வாசற்படிக்குள் வைத்து, மூக்கைக் கதவு நிலைக்கு நேராகப் பிடித்து நின்றார். இருளாண்டி கீபோர்டில் மேளத்தைத் தட்டிப் பார்த்தான். எருமை வரவில்லை. வலது பக்கம் சுத்தம் என்று பாண்டீஸ்வரி மைக்கில் அறிவித்தாள், கூட்டம் கைதட்டியது.

வாசற்படியிலேயே அவருக்கு அரை இலை போட்டார்கள். பால்பாண்டி குற்றமில்லாத வலப்பக்கத்துப் பற்களால் மட்டும் மென்று, பாயசம் வரை சாப்பிட்டு எழுந்தார்.