சடைச்சியின் கையைத் தாங்கிய கழுதை

விலங்குகளும் சந்தைக்கு வந்து வாய்விட்டு விலை பேசிய அந்தக் காலத்தில், ஈச்சங்காட்டுச் சந்தையில் உப்பு விற்றவள் சடைச்சி. வெறும் பொட்டலில் முதல் மூட்டையை இறக்கி, அங்கே சந்தை கூட வழி செய்தவளே அவள்தான். ஆளானாலும் ஆடானாலும், அளந்ததற்கு மேல் ஒரு கை உப்பைக் கொசுறாகப் போடுவாள்.

முட்டி தேய்ந்துபோனதால், வரும் வெள்ளிக்கிழமையோடு கடற்கரையில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விடுவதாகச் சொன்னாள். சந்தைக்காரர்கள் கலங்கிப்போனார்கள். அவள் கிளம்புவதற்குள், கொசுறு நீட்டும் கையோடு சந்தை வாசலில் அவளுக்கு ஒரு சுதைச் சிலை வைக்க முடிவானது. சுண்ணாம்பையும் மணலையும் சுமந்தது மருதன் என்ற கழுதை. மகா வாயாடி. சும்மா இருக்கச் சொன்னால் அதற்கும் நான்கு பதில் சொல்லும்.

சுண்ணாம்பில் கலக்கக் கொஞ்சம் வெல்லத் தண்ணீர் கேட்டார் சிற்பி ஆவுடையப்பன். சடைச்சிக்கு அல்லவா! வெல்லக்காரர்கள் ஆளாளுக்கு ஒரு குடம் கூடுதலாக ஊற்றினார்கள். வெல்லம் மிஞ்சினால் சுண்ணாம்பு சீக்கிரம் இறுகாது. புதன்கிழமை, நீட்டிய கை தொங்கத் தொடங்கியது. மூங்கிலை முட்டுக் கொடுத்தால் ஈரச் சுதையில் குழி விழுந்தது.

"கை விழுந்தா முழுசையும் இடிச்சுத்தான் கட்டணும். ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள அவ போயிருவாளே!" என்று தலையில் கைவைத்தார் சிற்பி.

மருதன் போய்த் தன் மெத்தென்ற மூஞ்சியை அந்தக் கைக்கு அடியில் கொடுத்து நின்றது.

"சுண்ணாம்பு சுட்டுப்புடும்டா, வந்துரு!" என்று கத்தினார் சிற்பி.

"எல்லாரும் என்னை 'ஏ கழுதை'ம்பாங்க. பேரு வச்சுக் கூப்பிட்டது அவ மட்டுந்தான்" என்றது மருதன். அதோடு வாயை மூடியதுதான். இரண்டு நாள் ஒரு சொல் பேசவில்லை, காதைக்கூட ஆட்டவில்லை. எந்த மனிதன் அப்படி நிற்பான்?

வெள்ளிக்கிழமை காலையில் கை இறுகியது. சடைச்சி வந்து சிலையைப் பார்த்தாள். "என் மூக்கு இம்புட்டுப் பெருசாவா இருக்கு?" என்று சிரித்தாள். பிறகுதான் மருதனைக் கண்டாள். சுண்ணாம்பு பட்டு வெந்து வெளுத்துப்போன மூஞ்சியை முந்தானையால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். வெள்ளை போகவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"விடு ஆத்தா. நீ போன பொறவு உன்னை நெனைச்சுக்க எனக்கும் ஒண்ணு வேணாமா?" என்றது மருதன்.

அடுத்து மருதனுக்குப் பிறந்த குட்டிகள் எல்லாமே வெள்ளை மூஞ்சியோடு பிறந்தன. இன்றைக்கு எந்த ஊர்க் கழுதையைப் பார்த்தாலும் வாயைச் சுற்றி வெள்ளையாக இருக்கிறதே, அது அன்றிலிருந்து வந்ததுதான்.