புங்கமரத்தடி யாருக்குச் சொந்தம்?

அந்தக் கல்லூரியில் பேராசிரியர் சதானந்தம் கையெழுத்துப் போடாமல் யாரும் முனைவர் ஆகிவிட முடியாது. மலையூர்களில் ஊர்த் தலைவனான மூப்பன் கைகாட்டும் நிலமே குடும்பத்துக்குச் சொந்தம் என்று மலையிலிருந்து படிக்க வந்த மாணவி மாசாணி எழுதிய ஆய்வேட்டை அவர் தள்ளி வைத்தார்.

"ஒருத்தன் கையைக் காட்டினா நிலம் சொந்தமாயிடுமா? பட்டா எங்கே? நாளைக்கு வாய்மொழித் தேர்வுல இதுக்குப் பதில் சொல்லு. இல்லேன்னா பட்டம் கிடையாது."

மறுநாள் அவர் வியர்த்து வழிய அரங்கத்துக்குள் வந்தார்.

"புங்கமரத்தடியில ஸ்கூட்டரை நிறுத்தினது யாரு? என் கார் வெயில்ல நிக்குது!"

மாசாணி எழுந்தாள். "நான்தானுங்கய்யா. அது உங்க இடமுங்களா?"

"இருபது வருஷமா என் இடம்!"

"பட்டா இருக்குதுங்களா?"

"பட்டா எதுக்கு? எல்லாருக்கும் தெரியும். வாட்ச்மேன் மாடசாமியைக் கேளு, அவன்தான் எனக்கு இடம் காட்டினான்!"

"சரிங்கய்யா. எங்க மலையில அந்த மாடசாமியைத்தான் மூப்பன்னு சொல்லுவோம்."

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர்தான் முதலில் சிரித்தார். பிறகு அரங்கமே சிரித்தது. சதானந்தம் பேனாவை எடுத்து ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார்.

"டாக்டரம்மா, இனியாவது ஸ்கூட்டரை எடுங்க. கார் கொதிக்குது."