முள்ளம்பன்றி தேடிய வயோலா குரு

ஏரிக்கரைக் காட்டில் அங்காயி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். பிள்ளைகள் வளர்ந்து தனித்தனி வளைக்குப் போன பிறகு அவளுக்கு ஓர் ஆசை முளைத்தது. வயோலா கற்றுக்கொள்ள வேண்டும்! வயோலா என்றால் வயலினுக்கு அக்கா மாதிரி. உடம்பு கொஞ்சம் பெரிது, குரல் கொஞ்சம் கனம். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கல்யாணத்தில் அதை வாசிக்கக் கேட்டாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் விடவே இல்லை.

கிழங்கு தோண்டுகிற கையில் இந்த வயதில் வயோலா வில்லா என்று அக்கம்பக்கம் கேலி பேசியது. பேசட்டுமே! அங்காயி எப்போதும் தலைநிமிர்ந்து நடக்கிறவள். முதுகு நிறைய முள் இருக்கும்போது யாருக்காகக் குனிய வேண்டும்?

காட்டிலேயே பெரிய வித்வான் பீலிவளவன் என்ற மயில். அங்காயி தன் வயோலாவைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனாள். போனதும் போகாததுமாக அவரே வாசிக்க ஆரம்பித்துவிட்டார். அடடா, என்ன வாசிப்பு! அங்காயிக்குக் கண் கலங்கிவிட்டது. வாசித்து முடித்த பிறகுதான் மயில் அவளை ஏறிட்டுப் பார்த்தது. கழுத்து முள் இடித்ததால் வயோலா அவள் தோளில் உட்காரவில்லை.

"கழுத்து முள்ளையெல்லாம் பிடுங்கிட்டு வாங்கம்மா. என்கிட்ட படிக்கிறவங்க என்னை மாதிரியேதான் பிடிக்கணும்" என்றது மயில்.

அங்காயி வீட்டுக்கு வந்து ஒரு முள்ளைப் பிடுங்கினாள். வலியில் உயிரே போய்விட்டது. அந்தக் காட்டில் சிறுத்தை வேறு உண்டு. கழுத்தில் முள் இல்லாத முள்ளம்பன்றியை அது சும்மா விடுமா? ஆனாலும் ஆசை யாரை விட்டது! அடுத்த முள்ளில் கை வைத்தாள். அப்போதுதான் புத்தி வேலை செய்தது. இவ்வளவு வலியும் பட்டுப் படிக்கப் போகிறோமே, அவரிடம் படித்தவர்கள் எப்படி வாசிக்கிறார்கள் என்று பார்த்தோமா?

போய்ப் பார்த்தாள். முயலின் காது இரண்டையும் மயில் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தது. வாத்துக்குச் சிறகு மடங்காமல் குச்சி வைத்துக் கட்டியிருந்தது. தப்பில்லாமல்தான் வாசித்தார்கள். ஆனால் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை, எல்லோருக்கும் கழுத்து வலி.

புளியந்தோப்பில் செவ்வந்தி என்ற மந்தியும் சொல்லித் தருகிறாள் என்று கேள்விப்பட்டாள் அங்காயி. மந்திக்குச் சின்ன வயது, பேரும் புகழும் ஒன்றும் கிடையாது. இந்தத் தடவை அங்காயி குருவைப் பார்க்கவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து மாணவர்களைக் கேட்டாள். நேற்று ஆரம்பித்த கிழட்டு ஆமை வயோலாவை மடியில் நிறுத்தி ஒரே தந்தியை இழுத்துக்கொண்டிருந்தது. கீரிக்குட்டி கையில் அதன் உயரத்துக்கேற்ற சின்ன வயோலா. கச்சேரிக்குத் தயாராகும் நாரை கழுத்தை வளைத்து என்னவோ மாயம் செய்தது. ஆளுக்கொரு பிடி. ஆனால் ஒவ்வொருவர் வாசிப்பிலும் அவரவர் குரல் கேட்டது.

அங்காயி எழுந்து அவளிடம் போனாள். செவ்வந்தி தன் வயோலாவைத் தொடவே இல்லை. அங்காயியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாள். பிறகு இலவம்பஞ்சில் சின்னத் திண்டு ஒன்று செய்து தோளில் வைத்து, வயோலாவைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் பொருத்தினாள்.

"முள்ளைப் பிடுங்க வேண்டாமா?" என்று மெதுவாகக் கேட்டாள் அங்காயி.

"உங்க முள்ளுக்கு என்னக்கா குறை?"

அங்காயி நிமிர்ந்து உட்கார்ந்து வில்லைக் கையில் எடுத்தாள்.

மழைக்காலம் ஓய்ந்ததும் ஏரிக்கரையில் திருவிழா. அங்காயி மேடையேறி அடித்தந்தியில் வில்லை இழுத்தாள். கனத்த நாதம் தண்ணீர் மேல் பரவியது. பெருமை தாங்காமல் அவளுடைய முள் அத்தனையும் சிலிர்த்து எழுந்து சலசலத்தது. முன்வரிசை அலறியடித்துப் பின்னால் ஓடியது. ஓடியவர்கள் நின்று கேட்டார்கள், கேலி பேசியவர்களும் கேட்டார்கள்.

இத்தனை அழகாகச் சொல்லிக் கொடுத்தது யார் என்று மயிலே எழுந்து நின்று கேட்டது. அங்காயி செவ்வந்தியின் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்தாள்.

"இவதாங்க என் குரு!"

தன் வித்தையைக் காட்டும் முன்னே, வந்திருப்பவர் யார் என்று பார்க்கிறவரே எந்த வயதுக்கும் நல்ல குரு.